ஒப்பாரியும் உரிமையும்: ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலை வகுப்பில் எப்படி வாசிக்கலாம்?

நாட்டுப்புறப் பாடல் என்றால் என்ன என்று படிவம் 4 மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். ‘வாய்மொழியாக வழங்குவது, ஆசிரியர் பெயர் தெரியாதது, தாலாட்டு முதல் ஒப்பாரி வரை பல வகைப்படும்.’ இந்தப் பதிலில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அடுத்த கேள்வியை எழுப்பினால் பிள்ளைகள் விழிப்பார்கள். “சரிப்பா, அந்தப் பாட்டு இன்னைக்கும் உயிரோட இருக்கா?”

இருக்கிறது என்று காட்ட நம்மில் பலர் 2021 முதல் ஒரே பாடலைத்தான் கையில் எடுக்கிறோம். அறிவு எழுதி, தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 7 மார்ச் 2021 அன்று வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’. முதல் ஆண்டிலேயே யூடியூபில் 10 கோடிப் பார்வைகளைத் தாண்டிய பாடல் அது. நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பள்ளிக் கலைநிகழ்ச்சிகளில் ஆடியும் தீர்த்துவிட்டார்கள். ஆனால் வகுப்பில் அதைப் பற்றிப் பேசும்போது, ‘நாட்டுப்புறத்தையும் ராப்பையும் கலந்த புதுமை’ என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த ஒரு வரி போதாது. கலப்பது பெரிய விஷயமே இல்லை. எதை, எதற்காக, யார் பெயரைச் சொல்லிக் கலந்தார்கள் என்பதுதான் திறனாய்வுக்கு உரிய கேள்வி.

இந்தப் பாடலின் வலிமை அதன் தாளத்தில் மட்டும் இல்லை என்பது என் வாதம். இழந்தவருக்காக அழும் ஒப்பாரி வடிவத்தை, இழந்ததைத் திருப்பிக் கேட்கும் வடிவமாக இது மாற்றியிருக்கிறது. அதற்குத் துணையாக நிற்பது ஒரு பாட்டியின் பெயர்.

பாட்டுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

அந்தப் பாட்டி வள்ளியம்மாள். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழகம் திரும்பியவர். இந்தப் பாடலின் வேர் அவர் சொன்ன கதைகளில் இருக்கிறது என்று அறிவு பல இடங்களில் பேசியிருக்கிறார்.

இந்தப் பின்னணியைப் பிள்ளைகளுக்குச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கியது அவர்கள் கை. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 30 அக்டோபர் 1964 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும் என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். பிறந்த மண்ணைவிட்டு, பார்த்தே இராத ‘சொந்த’ நாட்டுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம்.

நம்ம பிள்ளைங்களுக்கு இது வேற்று நாட்டுக் கதையாகப் படாது. தேயிலைக்குப் பதில் பால்மரம் என்று மாற்றிச் சொல்லுங்கள். கங்காணி, லயம், பெரட்டு என்ற சொற்களைச் சொல்லுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருக்கும் பிள்ளை உடனே தலையை ஆட்டும். மாசாய், பிளந்தோங், பாசிர் கூடாங் வட்டாரத்தில் தோட்டம் இருந்த இடங்களில் இன்று குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. உழைத்த நிலம் ஒரு நாளும் தன் பெயரில் இருந்ததில்லை என்ற அனுபவம் நமக்கும் சொந்தமானதே.

‘சாமி’ என்ற ஒரு சொல்

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். எழுத்தில் ‘என் சாமி’. பேச்சில் ‘எஞ்சாமி’. சகரத்தைத் தொட்டதும் னகரம் ஞகரமாகிவிடுகிறது. பேச்சுத்தமிழ் இயல்பாகச் செய்யும் ஒலி மாற்றம் இது. அதன் பக்கத்தில் ஆங்கிலச் சொல் ஒன்றை வைத்தவுடன் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒலிக்கின்றன. ஓசை நயத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் பொருள் நயம் அதைவிட ஆழமானது. ‘சாமி’ என்று யார் யாரைக் கூப்பிடுவார்கள்? நிலம் இல்லாத கூலியாள் நிலக்கிழாரைக் கூப்பிடுவார், குனிந்து, கைகட்டி. அதே சொல்லால் பாட்டி பேரனையும் கூப்பிடுவாள், கன்னத்தை வழித்து. ஒரே சொல்லில் அடிமைத்தனமும் இருக்கிறது, அளவற்ற அன்பும் இருக்கிறது. பாடல் இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதைக் கழற்றி எறிகிறது. குனிந்து சொன்ன சொல்லை நிமிர்ந்து சொல்ல வைக்கிறது. ‘ஒரு சொல்லின் பொருள் சமூகத்தில் எப்படி மாறுகிறது’ என்று கேட்கும் உயர்நிலைச் சிந்தனை வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

விளிப்பதே இந்தப் பாடலின் இயக்கம்

எட்டாம் வேற்றுமை விளி வேற்றுமை என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். இந்தப் பாடலில் அது வேலை செய்வதைக் காட்டலாம். ஏகாரத்தில் முடியும் விளிகளை அறிவு அடுக்கிக்கொண்டே போகிறார். கடலும் நிலமும் மக்களும் ஒரே மூச்சில் கூப்பிடப்படுகிறார்கள். பறவையும் நாயும் மரமும் உறவுக்காரர்கள் போலப் பாட்டுக்குள் வருகின்றன.

இது வெறும் சந்த விளையாட்டு இல்லை. ஒப்பாரியின் அடிப்படை இலக்கணமே விளிதான். இறந்தவரை உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது, அவரைப் பொன்னுக்கும் மணிக்கும் ஒப்பிடுவது, அவர் வாழ்ந்த வாழ்வைப் பட்டியலிடுவது, பிறகு ‘எனக்கு யார் இருக்கா?’ என்று முறையிடுவது. பொதுவாக ஒப்பாரி இந்த வழியில்தான் நகரும். சாவு வீட்டில் பெண்கள் பாடிய ஒப்பாரிகளைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புரியும். இறந்தவரைச் சாக்காக வைத்து, உயிரோடு இருப்பவர்கள் மேல் குறை சொல்ல ஒப்பாரி ஒரு மேடை. பிறந்த வீட்டில் கிடைக்காத பங்கு, புகுந்த வீட்டில் பட்ட அவமானம் எல்லாம் அங்கே வெளிவரும். வேறு எங்கே சொன்னாலும் வாயை மூடு என்பார்கள். சாவு வீட்டில் யாரும் தடுக்க முடியாது.

அறிவு இந்த மேடையைப் பயன்படுத்துகிறார். பாடலின் தொடக்கம் கொண்டாட்டம். உலகம் எல்லா உயிர்க்கும் பொது என்ற குரல். அடுத்து முன்னோர் வருகிறார்கள். நிலத்தைக் காத்தவர்கள், பண்படுத்தியவர்கள். அப்புறம் கணக்கு வருகிறது. மரம் நட்டுத் தோட்டம் வளர்த்தவரின் நாவு மட்டும் வறண்டு கிடக்கிறது. கடைசியில் ஒப்பாரியின் மெட்டு ஏறுகிறது, பாட்டியின் குரல் பேரனின் வாயில். உறவு, உழைப்பு, இழப்பு, முறையீடு என்று ஒப்பாரியின் வரிசை அப்படியே இருக்கிறது. இறந்தவர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நிலம் இருக்கிறது.

கையறுநிலையோடு ஒப்பிட்டால்

உயர்நிலை மாணவர்களுக்குப் புறநானூற்றுக் கையறுநிலையை நடத்தும்போது இந்த ஒப்பீடு உதவும். பாரி மகளிரின் 112ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையும் போனார், பறம்பு மலையும் போனது. ஆளையும் மண்ணையும் ஒரே மூச்சில் இழந்த அழுகை அது. ‘எஞ்சாயி எஞ்சாமி’யும் அதே மரபில்தான் நிற்கிறது.

வேறுபாடு எங்கே? பாரி மகளிர் வேள்பாரியின் பிள்ளைகள். மலை அவர்களுடையதாக இருந்தது, பிறகு பறிபோனது. வள்ளியம்மாளின் மக்களுக்கு மலை எந்த நாளும் சொந்தமாக இருந்ததில்லை. அவர்கள் கையில் இருந்தது உழைப்பு மட்டும். அதனால் இந்தப் பாடல் கேட்பது ‘எங்களிடம் இருந்ததைத் திருப்பிக் கொடு’ என்பதில்லை. ‘நட்டவருக்கே மண் சொந்தம் என்று எப்போது ஒப்புக்கொள்வாய்?’ என்பதே அதன் கேள்வி. பட்டா இல்லாதவரின் கையறுநிலை என்று சொல்லலாம். சங்கப் பாடல் அரச குடும்பத்தின் இழப்பைப் பாடியது. இது கூலிக் குடும்பத்தின் இழப்பைப் பாடுகிறது. இந்த நகர்வை ஒரு மாணவர் தன் கட்டுரையில் இரண்டு வரியில் எழுதிவிட்டால் போதும், ஒப்பீடு செய்யத் தெரிந்த பிள்ளை என்று புரிந்துவிடும்.

கறுப்பின இசையோடு என்ன உறவு?

‘ராப் நமக்கு அந்நியம்’ என்று சில பெற்றோரும், உண்மையைச் சொன்னால் சில ஆசிரியர்களும் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் இது ஃபேஷனுக்காக வந்த உறவில்லை. அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகள் இயக்கம் 1966இல் தோன்றியது. அதன் பெயரைத் தழுவி 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றினார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் சொல்லைக் கடன் வாங்குவது பழைய வழக்கம். சென்னையில் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ ஜனவரி 2018இல் முதல் முறை மேடையேறியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. குழுவின் பெயருக்கு மூலம் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்து. அறிவு அந்த மேடையில் வளர்ந்தவர். 2019இல் ‘ஆஃப்ரோ’ என்ற இசைக்கலைஞரோடு அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘தெருக்குரல்’. திருக்குறளை நினைவூட்டும் சிலேடை அது. தெருவின் குரலுக்கும் ஓர் இலக்கிய மதிப்பைக் கேட்கிறது.

கடலுக்கு அப்பாலும் இதே வேலை நடக்கிறது. பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை வெள்ளையரின் கிராமியக் கருவி என்றே பலரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது மேற்கு ஆப்பிரிக்க மரபிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கையில் உருவானது. ரியானன் கிடன்ஸ் என்ற இசைக்கலைஞர் அந்த வேரை மேடையில் மீட்டுக் காட்டினார். ஜோ தாம்சன் என்ற முதிய கறுப்பின வயலின் கலைஞரிடம் நேரில் கற்று, 2005இல் நண்பர்களோடு ஒரு குழுவைத் தொடங்கினார். யாரிடம் கற்றோம் என்று பெயர் சொல்லத் தயங்கவில்லை. ஜேக் பிளவுன்ட் இன்னொரு வழியில் போனார். 2022இல் வந்த அவருடைய ‘தி நியூ ஃபெய்த்’ தொகுப்பு பழைய கறுப்பினப் பக்திப் பாடல்களை எடுத்து, பருவநிலைப் பேரழிவுக்குப் பிந்திய எதிர்காலத்தில் வைத்துப் பாடுகிறது. பாட்டு பழையது, காலம் இன்னும் வராதது.

இவர்களையும் அறிவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொது உண்மை தெரியும். முன்னோரின் பாட்டைப் புதுப்பிப்பவர் அதை அருங்காட்சியகத்தில் வைக்க மாட்டார். பாட்டு எந்த வேதனையில் பிறந்ததோ அந்த வேதனை இன்று எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கே கொண்டுபோய்ப் பாடுவார்.

நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. யோகி பி & நட்சத்ரா 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டு வந்தபோது தமிழ் ராப்புக்கு ஒரு முகவரி கிடைத்தது, மலேசிய முகவரி. உறுமி மேளத்தை எடுத்துக்கொண்டாலும் சரி. தைப்பூசத்திலும் இறுதி ஊர்வலத்திலும் அதை முழங்குபவர்கள் பெரும்பாலும் நம்மிடம் படித்துவிட்டுப் போன பையன்கள். படிப்பில் பின்தங்கியவன் என்று நாம் ஓரங்கட்டிய பையனின் தோளில்தான் ஒரு மரபு தொங்கிக்கொண்டிருக்கிறது.

பாடலின் குறை

பாராட்டி மட்டும் விட்டால் அது திறனாய்வு ஆகாது. என் பார்வையில் இரண்டு குறைகள்.

முதலாவது, பாடலுக்குள் இலங்கை என்ற பெயர் இல்லை. தேயிலை இல்லை, நாடற்ற நிலை இல்லை. இது ஒரு வகையில் பலம். உலகத்தில் மண்ணிழந்த யாரும் இதைத் தன் பாட்டு என்று எடுத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அதுவே பலவீனமும் ஆகிறது. வரலாறு தெரியாதவர் இதை ‘இயற்கையைக் காப்போம்’ என்ற பொதுவான பாட்டாகக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் கேட்டார்கள். மலையக மக்கள் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்திருக்கிறார். அந்தப் பாடல்களில் கங்காணியும் துரையும் கொழுந்துக் கூடையும் நேராகவே வருவார்கள். அந்தக் குறிப்பான தன்மையில் பாதியாவது இங்கே இருந்திருக்கலாம்.

இரண்டாவது, தீயின் குரலில் வரும் அந்த ஈர்ப்பான பல்லவி. கரகரப்பும் குழைவும் சேர்ந்த குரல், கேட்டவுடன் ஒட்டிக்கொள்கிறது. அதன் இனிமை ஒப்பாரியை விழுங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். பள்ளி மேடையில் பிள்ளைகள் ஆடும்போது பெரும்பாலும் ஒப்பாரிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் ஆடுகிறார்கள். அழுகையை வெட்டினாலும் பாட்டு முழுமையாகவே தோன்றுகிறது என்றால், அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு பாட்டின் கட்டமைப்புக்கும் உண்டு. இதற்கு ஒரு மறுப்பும் சொல்லலாம். இனிமை இல்லாவிட்டால் இத்தனை கோடிக் காதுகளுக்குள் இந்த அழுகை நுழைந்தே இருக்காது. மாணவர்கள் இரு பக்கமும் வாதிடட்டும்.

பெயர் சொல்வதும் பெயர் விடுபடுவதும்

பாட்டுக்கு வெளியே நடந்ததையும் பேசத்தான் வேண்டும். ஆகஸ்ட் 2021இல் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள். எழுதிய அறிவு அட்டையில் இல்லை. இதைப் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். ஜூலை 2022இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாடலைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. பாடலை உருவாக்கியதில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற விவாதம் அதன் பிறகு பொதுவெளிக்கு வந்தது. மூவரும் தத்தம் தரப்பைச் சொன்னார்கள். மார்ச் 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாடலால் தங்களுக்கு வருமானமே வந்து சேரவில்லை என்றார்.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது வகுப்பறையின் வேலை இல்லை. ஆனால் நிகழ்ந்ததில் இருக்கும் முரணைக் கவனிக்கலாம். தோட்டம் போட்டவருக்குப் பலன் சேரவில்லை என்று பாடிய பாடலே அப்படி ஒரு தோட்டமாகிவிட்டது. நட்டவர் யார், அறுவடை செய்தவர் யார் என்ற கேள்வி பாட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்து பாட்டையே சுற்றிக்கொண்டது.

அறிவு இதற்குப் பதிலாகச் செய்தது கவனிக்கத்தக்கது. 2024இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். இங்கே ஒருவர் பாட்டியின் பெயரைத் தாங்குகிறார். மேடை, அட்டை, வருமானம் எல்லாம் மற்றவர் கையில் இருக்கலாம். யாருடைய பேரன் என்பதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கேதான் நம் பாடப்புத்தக வரையறை இடிக்கிறது. ‘ஆசிரியர் பெயர் தெரியாதது’ என்று நாட்டுப்புறப் பாடலின் பெருமையாக எழுத வைக்கிறோம். உண்மையில் பல பாடல்களுக்குப் பெயர் தெரியாமல் போனதற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை என்பதுதான். பாடியவள் ஒரு தோட்டக்காரப் பெண். அவள் பெயரை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தோட்டத்துப் பாடல்களைத் தேடிச் சேகரித்தார்கள். பால்மரக் காட்டில் பாடியவை, பிள்ளையைத் தூங்க வைத்தவை, சயாம் மரண ரயிலுக்குப் போனவரை நினைத்து அழுதவை எனப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது மிகச் சிலரே இருப்பார்கள். அவர்களில் யாராவது நம் மாணவர் வீட்டு மாடிக் குடியிருப்பில் ஓர் அறையில் படுத்திருக்கலாம்.

வகுப்பில் செய்து பார்க்க

1. பாடலை இரண்டு முறை கேட்க வையுங்கள். முதல் முறை பின்னணி சொல்லாமல், இரண்டாம் முறை வள்ளியம்மாளின் கதையைச் சொல்லிவிட்டு. எந்தச் சொல்லின் பொருள் மாறியது என்று மாணவர் குறித்து வைக்கட்டும்.

2. விளிச்சொற்களைத் தனியே எழுதி, அஃறிணை விளி, உயர்திணை விளி என்று பிரிக்கச் சொல்லுங்கள். அஃறிணையை உறவாக அழைப்பதால் என்ன உணர்ச்சி பிறக்கிறது என்று ஒரு பத்தி எழுதட்டும்.

3. புறநானூறு 112ஐயும் இந்தப் பாடலையும் பாடுபொருள், பாடுபவர், இழந்தது என்ற மூன்று தலைப்பில் ஒப்பிடச் சொல்லுங்கள். எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு ஏற்றது.

4. வாதம்: ‘நாட்டுப்புறப் பாடலை நவீன இசையில் பாடுவது அதன் தன்மையைக் கெடுக்கிறது.’ வெட்டியும் ஒட்டியும் பேசட்டும். ஒரு நாட்டுப்புறப் பாட்டுக்கு எந்த நாளாவது ஒரே வடிவம் இருந்ததா என்று நடுவர் ஒரு கேள்வி கேட்டால் வாதம் சூடு பிடிக்கும்.

5. வீட்டு வேலை: வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் சம்மதத்தோடு, ஒரு பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்கத் தயங்கினால் தாலாட்டு கேட்கலாம். நல்ல நாளில் ஒப்பாரி பாட மாட்டேன் என்று பாட்டி மறுத்தால், அதையும் எழுதி வரட்டும். அதுவும் மரபு பற்றிய செய்திதான்.

ஐந்தாவது வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். தாளின் தலைப்பில் பாட்டின் வகை இருக்கட்டும். அதற்கும் மேலே, முதல் வரியில், பாடியவர் அனுமதித்தால் அவர் பெயரும் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். ‘ஆசிரியர் பெயர் தெரியாது’ என்று நம் பிள்ளைகளில் ஒருவர்கூட எழுத வேண்டாம். கேட்டால் தெரிந்துவிடும்.